நடுநிலை என்னும் தராசு: மலையக ஊர்வலங்களைப் பற்றிய எழுத்துகள் குறித்துச் சில விமர்சனக் குறிப்புகள்

1

புசல்லாவை வேறு, உடப்புசல்லாவை வேறு. முன்னது கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பெருவீதியில் அமைந்தது. பின்னது நுவரெலியாவுக்குக் கிழக்கே, கந்தப்பளை, இராகலை ஆகிய ஊர்களுக்கு அப்பால் ஊவாவின் எல்லையை அணுகிக் கிடப்பது. தேயிலை வணிகர் இவ்வேறுபாட்டை ஒருபோதும் மறப்பதில்லை. இலங்கைத் தேயிலையின் ஏழு பிரதேச வகைகளுள் ஒன்றாக உடப்புசல்லாவையின் பெயர் தனித்தே வழங்கப்படுகின்றது. ஆனால் அத்தேயிலையைப் பறிக்கும் மக்களைப் பற்றி எழுத நேரும்போது இந்நுணுக்கம் பெரும்பாலும் காணாமற் போய்விடுகின்றது. 'தோட்டப்பகுதியில் பதற்றம்', 'மலையகத்தில் ஆர்ப்பாட்டம்' என்றவாறு ஊரும் பெயரும் கரைந்த பொதுச் சொற்களே அவர்களுக்கு எஞ்சுகின்றன. பண்டத்துக்குத் துல்லியமும் மனிதருக்குப் பொதுமையும் வழங்கும் இம்மரபே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளியாகும்.

2023 ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தூரத்தை மக்கள் கால்நடையாகக் கடந்தனர். தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர் நடந்த பழைய வடபாதையை நினைவுகூர்ந்து, மலையக மக்களின் 200 ஆண்டு நிறைவையொட்டி நிகழ்ந்த நடைபயணம் அது. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக அது சென்றது. உடப்புசல்லாவைத் தோட்டங்களின் வழியாகச் செல்லவில்லை. ஆகவே அங்குள்ள தொழிலாளருட் பெரும்பாலோருக்கு அந்நடைபயணம், கண்ணாற் கண்ட நிகழ்ச்சியாக அன்றி, எழுத்தாலும் படத்தாலும் பேச்சாலும் வந்து சேர்ந்த நிகழ்ச்சியாகவே அமைந்தது. ஓர் ஊர்வலம் நடந்து முடிந்ததும் அதில் எஞ்சுவது அதன் விபரிப்பே. நடந்தவர்களின் கால்வலி சில நாளில் ஆறிவிடும். அவர்களைப் பற்றி எழுதப்பட்ட வாக்கியமோ தலைமுறைகளுக்கு நிற்கும். அவ்வாக்கியம் சரியானதா, நடுநிலையானதா என்ற வினாக்கள் பத்திரிகையாளருக்கு மட்டும் உரியனவல்ல. வரலாற்று மாணவரும் இலக்கிய விமர்சகரும் அவற்றுக்கு முகங்கொடுத்தே ஆகவேண்டும்.

2

துல்லியம், நடுநிலை ஆகிய இரண்டும் ஒன்றேபோல் அடிக்கடி பேசப்படுகின்றன. இவை வேறுபட்டவை. துல்லியம் என்பது வாக்கியத்துக்கும் நிகழ்ச்சிக்கும் இடையிலான உறவு. நடுநிலை என்பது எழுதுவோனுக்கும் நிகழ்ச்சியில் மோதிக்கொண்ட தரப்புகளுக்கும் இடையிலான உறவு. ஒருவர் ஒரு தரப்பைச் சார்ந்து நின்றுகொண்டே துல்லியமாக எழுதலாம். எத்தரப்பையும் சாராதவர்போல் தோன்றிக்கொண்டே தவறாகவும் எழுதலாம்.

வள்ளுவர் நடுவு நிலைமைக்குத் தராசுக்கோலை உவமையாக்கினார். அவ்வுவமையைத் தோட்டத் தொழிலாளி தன் அனுபவத்திலிருந்தே விளங்கிக்கொள்வாள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தொங்கும் தராசுக்கு யார்மீதும் பகையில்லை. ஆயினும் ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் கழிக்கப்படும் கிலோக்கள் தராசில் எழுதப்பட்டிருப்பதில்லை. எழுதுகோலைப் பிடித்த கையில் அவை இருக்கின்றன. தராசு பொய் சொல்வதில்லை என்ற உண்மையே கணக்குப் பொய்யாவதற்குத் திரையாக அமைந்துவிடக் கூடும். விபரிப்பிலும் இதுவே நிகழ்கின்றது. 'இரு தரப்பினருக்கும் இடையில் மோதல் இடம்பெற்றது' என்ற வாக்கியத்தில் தராசு நேராக நிற்பதுபோல் தோன்றும். ஒரு தட்டிலே துப்பாக்கி இருந்தது, மறுதட்டிலே கவ்வாத்துக் கத்திகூட இருந்ததா என்பது ஐயம் என்ற விபரம், நிறுக்குமுன்பே கழிக்கப்பட்டுவிடுகின்றது.

தோட்ட வழக்கில் ஒரு நாட்கூலிக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த நிறைக்குக் குறைந்தால் 'அரைப்பேர்'. வேலைக்கு வராதவருக்குப் பேரில்லை. வேலைநிறுத்தம் செய்து ஊர்வலம் போன நாளின் செக்றோலைப் புரட்டுவோர் அங்கு காணக்கூடியது பெயர்களுக்கு எதிரே வெற்றுக் கட்டங்களையே. ஒரு சமூகம் வரலாற்றிலே முனைப்போடு தோன்றிய நாள், தோட்டத்தின் பதிவேட்டில் வருகையின்மையாக மட்டுமே பதிவாகும். அப்பதிவேடு துல்லியமானது, பிழை எதுவும் அதில் இல்லை. ஆனால் அதைக்கொண்டு அந்நாளை விளக்க முற்படும் ஆய்வாளர், வெறுமையையே வரலாறென்று எழுதியவராவார். ஆவணம் எங்கே பிறந்தது, யாருடைய தேவைக்காகப் பிறந்தது என்ற வினாவை எழுப்பாத துல்லியம் முழுமையான துல்லியமன்று.

இதற்கு மொழி வரலாறும் சான்றாகும். மு. நித்தியானந்தனின் 'கூலித் தமிழ்' என்ற நூல் நம் கவனத்துக்குக் கொண்டுவந்த செய்திகளுள் ஒன்று, தோட்டத்துரைமார் தமிழ் கற்பதற்கென எழுதப்பட்ட கைநூல்களின் இயல்பாகும். அவற்றுளொன்றின் தலைப்பே 'இங்கே வா' என்பது. தொழிலாளரை நோக்கிய எழுத்துமொழி ஏவல் வினையில் தொடங்கியது என்பது மனங்கொள்ளத்தக்கது. ஊர்வலமோ ஏவப்படாமல் நடப்பது. வா என்றும் போ என்றும் எவரும் சொல்லாத நிலையில், தம் சொந்தத் தீர்மானத்தின்படி நடக்கும் மக்களை விபரிக்க அம்மொழியிடம் வினைச்சொல் இருக்கவில்லை. 'குழப்பம்', 'கலகம்', 'கும்பல்' ஆகிய பெயர்ச்சொற்களால் அவ்விடம் நிரப்பப்பட்டது.

3

1940 ஜனவரி 10ஆம் நாள், ஹேவாஹெட்டைப் பகுதியைச் சேர்ந்த முல்லோயாத் தோட்டத்தில், சம்பள உயர்வு கோரி வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டிருந்த தொழிலாளருள் ஒருவரான கோவிந்தன் பொலிஸாரின் துப்பாக்கிக்குப் பலியானார். லங்கா சமசமாஜக் கட்சியினர் தோட்டத் தொழிலாளரிடையே சங்கம் அமைத்துப் பணியாற்றிய காலம் அது. நிகழ்ச்சியை ஆராய ஆணைக்குழு அமைக்கப்பட்டது. கோவிந்தனின் குடும்பத்துக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றி வாதிட்டார். சட்டத்தின் முன்னிலையில், உத்தியோகபூர்வ விபரிப்பொன்று சொல்லுக்குச் சொல் குறுக்கு விசாரணைக்கு உட்படுத்தப்பட்டமை தோட்ட வரலாற்றில் முக்கியமான திருப்பமாகும்.

ஆனால் இதன் பின் நடந்தது நமது பொருளுக்கு இன்னும் முக்கியமானது. தொழிலாளருக்கு எதிரான வழக்குகளைத் தள்ளிப்போடுவது தொடர்பாக உள்நாட்டு அமைச்சுக்கும் பொலிஸ் மாஅதிபருக்கும் இடையே முரண்பாடு எழுந்தது. ஆளுநர் கால்டிகொட் பொலிஸ் மாஅதிபரின் பக்கம் நின்றார். 1940 பெப்ரவரியில் அமைச்சர்கள் பதவி விலகினர். அரசியலமைப்பு வரலாற்றை எழுதுவோருக்கு முல்லோயா இதன் காரணமாகவே ஒரு முக்கிய சொல்லாயிற்று. ஆளுநரின் அதிகாரம், அமைச்சர்களின் பொறுப்பு, டொனமூர் யாப்பின் குறைபாடு ஆகிய பொருள்களின் கீழ் அச்சொல் இடம்பெறுகின்றது. அவ்வரலாறுகளில் தேதிகள் சரி. பதவிப் பெயர்களும் சரி. எக்கட்சிக்கும் சார்பற்றவை என்றும் அவற்றைக் கூறலாம். ஆயினும் எந்தச் சம்பள உயர்வுக்காக வேலைநிறுத்தம் நடந்ததோ அது அடிக்குறிப்பாகி, இறந்தவர் 'ஒரு தொழிலாளி' ஆகி, நிகழ்ச்சி கொழும்பிலுள்ள இரு அதிகார நிலையங்களுக்கிடையிலான பிணக்கின் முன்னுரையாகச் சுருங்கிவிடுகின்றது. பிழையான வாக்கியம் ஒன்றுகூட இல்லாமலே ஒரு நிகழ்ச்சியைத் தவறாக விபரிக்கலாம் என்பதற்கு இது தக்க உதாரணமாகும்.

4

1977 மே 11ஆம் நாளின் டெவன் தோட்ட நிகழ்ச்சி இச்சிக்கலை மேலும் கூர்மையாக்குகின்றது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானதும் தேயிலை நிலத்தின் உடைமையை மாற்றின. அந்நிலத்தில் உழைத்தோரின் நிலையை மாற்றவில்லை. இதனைத் தொடர்ந்து நுவரெலியா - மஸ்கெலியாப் பகுதித் தோட்டங்களிலிருந்து 7,000 ஏக்கரைப் பிரித்துச் சுற்றுக் கிராமத்தவருக்கு வழங்கும் திட்டம் வந்தபோது, வேலையும் லயக்காம்பிராவும் ஒருங்கே பறிபோகும் என்றஞ்சிய தொழிலாளர் எதிர்த்து எழுந்தனர். டெவன் தோட்டத்தில் திரண்டோர்மீது பொலிஸார் சுட்டனர். சிவனு லட்சுமணன் கொல்லப்பட்டார். காணிப் பங்கீடு கைவிடப்பட்டது.

இந்நிகழ்ச்சியைப் பின்வரும் மூன்று வகையாக எழுதிப் பார்க்கலாம். இவை எந்தப் பத்திரிகையிலிருந்தும் எடுக்கப்பட்டனவல்ல. நமது எழுத்துலகில் வழங்கும் மூன்று நடைகளுக்கு மாதிரியாக அமைக்கப்பட்டவை.

(அ) டெவன் தோட்டத்தில் இடம்பெற்ற குழப்பத்தின்போது மேற்கொள்ளப்பட்ட துப்பாக்கிப் பிரயோகத்தில் தொழிலாளி ஒருவர் பலியானார்.

(ஆ) டெவன் தோட்டத்தில், 7,000 ஏக்கர் காணிப் பங்கீட்டை எதிர்த்துத் திரண்ட தொழிலாளர்மீது பொலிஸார் சுட்டு, சிவனு லட்சுமணனைக் கொன்றனர்.

(இ) பேரினவாத அரசின் கொலைவெறிக்குத் தியாகச் செம்மல் லட்சுமணன் இரையாகி மலையகத்தின் விடியலுக்கு வித்தானார்.

முதலாவது வாக்கியம் நடுநிலையானதென்று ஏற்கப்படுவது. ஆனால் 'குழப்பம்' என்பது தீர்ப்பு, விபரமன்று. 'இடம்பெற்றது', 'மேற்கொள்ளப்பட்டது' ஆகிய சொற்கள் இலங்கைத் தமிழ்ப் பத்திரிகை நடைக்கே உரிய வசதிகள். செய்தவனைச் சொல்லாமலே செயலைச் சொல்லிவிட அவை உதவுகின்றன. 'பலியானார்' என்பதோ இறந்தவரையே எழுவாயாக்கி, இறப்பை அவரே செய்துகொண்ட வினைபோல் ஆக்கிவிடுகின்றது. எழுவாயை மறைப்பது நடுநிலையாகாது. சுட்டவரை இலக்கணத்தின் துணையோடு தப்பவிடுவதே அது. இக்கட்டுரையாளரும் சற்று முன்னர் கோவிந்தனைப் பற்றி எழுதுகையில் அச்சொல்லையே கையாண்டமையை வாசகர் கவனித்திருக்கக் கூடும். அவ்வளவுக்கு அந்நடை நம் கையில் ஊறிக் கிடக்கின்றது.

மூன்றாவது வாக்கியத்தை முற்போக்காளராகிய நாம் இலகுவில் மன்னித்துவிடுகின்றோம். இங்குதான் கண்டிப்புத் தேவை. அவ்வாக்கியத்தில் தோட்டமில்லை, தேதியில்லை, காணியில்லை, சுட்டவர் யாரென்ற விபரமுமில்லை. 'அரசின் கொலைவெறி' என்பது ஒரு முடிவுரை. அம்முடிவுக்கு இட்டுச்செல்லும் படிகளை எழுதாமல் முடிவை மட்டும் எழுதினால், எதிர்த்தரப்பார் அதனை உணர்ச்சியென்று தள்ளிவிடுவர். மேலும் 'பேரினவாதம்' என்ற ஒரு சொல்லே போதுமெனக் கருதும்போது, அக்காணிக்காகக் காத்திருந்த சிங்களக் கிராமத்தவனும் நிலமற்றவனாக்கப்பட்டவனே என்ற உண்மை விடுபட்டுப் போகின்றது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் சட்டம் அவனது மூதாதையரின் காட்டையும் சேனையையும் பறித்துத் தோட்டமாக்க வழிசெய்தது. நிலமிழந்த ஒரு கூட்டத்தைக் குடியுரிமையிழந்த இன்னொரு கூட்டத்தோடு மோதவிட்ட அரசியலை விளக்காத விபரிப்பு, ஆட்சியாளரைச் சாடுவதுபோல் தோன்றினும் அவருக்கே உதவுவதாகும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் இக்கூட்டத்தின் பெரும்பகுதியை நாடற்றவராகவும் நாடு கடத்தப்படவேண்டியவராகவும் ஆக்கிவைத்திருந்த பின்னணியில் வைத்தே டெவனைப் புரிந்துகொள்ள முடியும். வர்க்கமா இனமா என்று ஒன்றைத் தேர்ந்து மற்றதைக் கழிப்பது, மடுவத்துக் கழிவுக்கணக்கையே நாமும் போடுவதாகும்.

இரண்டாவது வாக்கியத்தில் அடைமொழி எதுவுமில்லை. ஆயினும் மூன்றுள்ளும் மிகக் கடுமையான குற்றச்சாட்டு அதுவே. சுட்டவர், இறந்தவர், இடம், காரணம் ஆகிய நான்கும் அதிலுண்டு. மறுப்போர் இவற்றுள் எதனை மறுக்கிறார் என்று சொல்லியாக வேண்டும். அடக்கப்பட்டோரின் தரப்பிலிருந்து எழுதுபவருக்குத் துல்லியம் ஒரு தடையன்று. அவருடைய கையிலுள்ள வலிய கருவி அதுவே. சொல்லைப் பெருக்குவது, தன்னிடமுள்ள உண்மையில் நம்பிக்கையற்றவன் செய்யும் காரியம்.

அப்பெயரையே எடுத்துக்கொள்வோம். லட்சுமணன், லெட்சுமணன், இலட்சுமணன் எனப் பலவாறு அது எழுதப்படுகின்றது. ஆண்டுதோறும் நினைவுகூரப்படுபவரின் பெயரையே ஒருவாறாக எழுத நாம் உடன்படவில்லை. இன்னொரு வழக்கமும் உண்டு. எழுதுவோர் தத்தம் சங்கத்தின் அல்லது கட்சியின் வரலாற்றுக்கு வேண்டியவாறு 'முதல் தியாகி' என்ற பட்டத்தை வழங்கிவிடுகின்றனர். 1977க்கு 37 ஆண்டுகள் முன்னரே முல்லோயாவில் கோவிந்தன் கொல்லப்பட்டமை அவ்வேளைகளில் மறக்கப்படுகின்றது. பெண்களின் நிலையோ இன்னும் பரிதாபமானது. கொழுந்து பறிப்போருள் பெரும்பான்மையோர் பெண்கள். வேலைநிறுத்தம் நின்று நிலைத்தது அவர்களாலேயே. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தாமே பாடல் இயற்றி மேடைகளிற் பாடியமை போன்ற சில செய்திகளைத் தவிர, ஊர்வலங்களில் நடந்த பெண்களின் பெயர்கள் நம் எழுத்தில் ஏறவில்லை. 'தொழிலாளர் திரண்டனர்' என்ற பலர்பால் வினைமுற்று அவர்களையும் உள்ளடக்கியதாகப் பாசாங்கு செய்துகொண்டு அவர்களை மறைத்து நிற்கின்றது.

5

எண்களும் நடுநிலை வேடம் பூணுவன. 2018 ஒக்டோபர் 24ஆம் நாள், நாட்சம்பளமாக 1,000 ரூபா கோரி, மலையக இளைஞர் கறுப்புடை அணிந்து கொழும்பு காலிமுகத்திடலில் திரண்டனர். 2019 ஜனவரியில் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தம் அடிப்படைச் சம்பளத்தை 700 ரூபாவாகவே நிர்ணயித்தது. 1,000 ரூபா சம்பள நிர்ணய சபையின் மூலம் 2021 மார்ச்சிலேயே வர்த்தமானியில் வந்தது. அதுவும் 900 ரூபாவும் 100 ரூபாக் கொடுப்பனவும் சேர்ந்த தொகையாகும். இவ்விரண்டரை ஆண்டுக் காலத்தில் 'வெற்றி' என்ற சொல் எத்தனை மேடைகளில் எத்தனை தரப்பினரால் உரிமை கொண்டாடப்பட்டது என்பதை நாம் அறிவோம். காலிமுகத்திடலில் நின்றோர் கேட்டது என்ன, பெற்றது என்ன, எப்போது பெற்றனர், அதற்கிடையில் விலைவாசி எங்கே போயிற்று ஆகிய நான்கு வினாக்களையும் ஒருசேர எழுப்பாமல் '1,000 ரூபா கிடைத்தது' என்று எழுதுவது எண்ணளவில் சரி, பொருளளவில் அரைப்பேர்.

2023ஆம் ஆண்டின் நடைபயணத்துக்கும் இவ்வளவுகோலே பொருந்தும். அதை நினைவு நடையென்று மட்டும் எழுதியோர் அதன் கோரிக்கைகளைக் கைவிட்டனர். வரலாற்றை ஏற்றுக்கொள்ளுதல், காணியுரிமை, வாழ்வதற்குப் போதிய ஊதியம், மொழியுரிமை ஆகியன அக்கோரிக்கைகளுள் அடங்கியிருந்தன. நினைவு என்ற சொல் அரசியலைப் பக்தியாக்கிவிட வல்லது. வழியிலே சிங்களரும் முஸ்லிம்களும் உடன் நின்றமையைக் குறிப்பிடாமல், இதனைத் தமிழரின் தனித் துயரமாக மட்டும் எழுதியோரும் குறைப்படுத்தியே எழுதினர். மறுபுறம், பெயரிலேயே சிக்கல் உண்டு. 1911ஆம் ஆண்டுக் குடிசனக் கணிப்பு முதல் அரச ஏடுகளில் 'இந்தியத் தமிழர்' என்றே பதியப்பட்டு வந்த மக்கள் தம்மை 'மலையக மக்கள்' என்று கூறிக்கொண்டு நடந்தனர். இவ்விடத்தில் எப்பெயரை எழுதினால் நடுநிலை? இரண்டுக்கும் நடுவே மூன்றாவது பெயரொன்று இல்லை. ஒரு பெயரை எழுதும் கணத்திலேயே எழுதுவோர் ஒரு பக்கம் நின்றுவிடுகிறார். நிற்பதை மறைக்காமல், ஏன் அங்கு நிற்கிறோம் என்று கூறுவதே நேர்மை.

நம் தரப்பின் எண்களையும் இவ்வாறே சோதிக்கவேண்டும். 1823 என்ற ஆண்டு, கம்பளைக்கருகே ஜோர்ஜ் பேர்ட் தொடங்கிய கோப்பித் தோட்டத்தோடு இணைத்துக் கூறப்படுவது. சிலர் அத்தோட்டத்தின் தொடக்கத்தை 1824 என்பர். இருநூறாண்டு என்ற கணக்கு ஒரு குறியீட்டுத் தொடக்கத்தைக் கொண்டது என்று ஒப்புக்கொள்வதால் நடந்தோரின் கோரிக்கை எள்ளளவும் குறையாது. அவ்வாறே 1840களில் வடபாதையிலும் தோட்டங்களிலும் 70,000 பேர் மாண்டனர் என்ற தொகை, 1849இல் கொழும்புப் பத்திரிகை ஒன்று செய்த மதிப்பீட்டிலிருந்து வருவது. அது எண்ணிக் கணக்கிட்ட தொகையன்று, மதிப்பீடு. மதிப்பீடென்று சொல்லி எழுதினால் அதன் கொடுமை குறைவதில்லை. இறந்தோரை எண்ணுவதற்குக்கூட எவரும் அக்கறை கொள்ளவில்லை என்ற பெரிய உண்மை அப்போதுதான் வெளிப்படுகின்றது.

6

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துக் 'கும்பல்' என்று வழங்கப்பட்டதை ஆராய்ந்த ஜோர்ஜ் ரூடே, பொலிஸ் ஆவணங்களைக் கொண்டே அக்கூட்டத்திலிருந்த மனிதரின் தொழிலையும் வயதையும் இருப்பிடத்தையும் மீட்டெடுத்தார். 1922 பெப்ரவரி 4ஆம் நாள் சௌரி சௌராவில் பொலிஸ் நிலையத்தை நோக்கிச் சென்ற ஊர்வலத்தை ஆராய்ந்த ஷாஹித் அமீன், நீதிமன்ற ஏடு ஒருபுறம், தேசிய இயக்கத்தின் சங்கடம் மறுபுறம், உள்ளூரவரின் வாய்மொழி நினைவு இன்னொருபுறம் என மூன்றையும் ஒன்றோடொன்று உராய்ந்து பார்த்தார். இருவரும் தம் அனுதாபம் எப்பக்கம் என்பதை மறைத்தவரல்லர். அவ்வனுதாபமே அவர்களை மற்றவர் புரட்டாத ஏடுகளைப் புரட்டத் தூண்டிற்று.

மலையகத்தைப் பொறுத்தவரை இப்பணி அவசரமானது. தோட்டம் நெடுங்காலம் வெளியார் நுழைய முடியாத நிலமாக இருந்தது. சங்கப் பணிக்குச் சென்றோர் அத்துமீறல் வழக்கை எதிர்நோக்கினர். நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குட் சென்ற செய்தி பிரசித்தம். ஆகவே வெளியிலிருந்து எழுதியோர் பலருக்குப் பார்த்த சாட்சி இல்லை. உள்ளிருந்து பார்த்தோருக்கு எழுதும் வாய்ப்பு இல்லை. 1977இல் இருபது வயதாக இருந்த ஒரு கொழுந்துக்காரி இன்று எழுபதை அணுகியவளாக இருப்பாள். அவளுடைய சாட்சியம் பெறப்படாமற் போனால், எஞ்சுவது முன்கூறிய முதலாவது வாக்கியமும் மூன்றாவது வாக்கியமும் மட்டுமே.

எனவே பல்கலைக்கழகத் தமிழ் மாணவருக்கும் முற்போக்கு எழுத்தாளருக்கும் முன்னுள்ள கடமை தெளிவானது. ஊர்வலமொன்றை எழுதும்போது இடத்தைப் பெயரிட்டு எழுதவேண்டும். உடப்புசல்லாவையைப் புசல்லாவையாக்கக் கூடாது. வினையை எழுதும்போது எழுவாயையும் எழுதவேண்டும். எண்ணைச் சொல்லும்போது எண்ணியவர் யாரென்றும் சொல்லவேண்டும். நமக்கு வேண்டாத உண்மையையும் நிறுவையிற் சேர்க்கவேண்டும். இவற்றைச் செய்தபின் ஒருவர் தன் சார்பைப் பகிரங்கமாகக் கூறுவாராயின் அது குறையன்று. சார்பில்லாத தராசென்று எதுவுமிருந்தால் அதை மடுவத்திலே தொங்கவிட்டுப் பார்க்கலாம். அதுவரை, கழிக்கப்பட்ட கிலோக்களைக் கணக்கில் மீண்டும் சேர்ப்பதே ஆய்வின் வேலையாகும்.